பயோடேட்டாவில் உளியைக் காணோம்

நவம்பர் மாதம் வந்தால் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வேலை உண்டு. நாங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று பென்ஷன் ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் தனியார் கம்பெனியில் பர்சனல் டிபார்ட்மென்டில் குப்பை கொட்டியதற்கு பி.எஃப். பென்ஷன் என்று மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் வருகிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் அதை விட்டுக்கொடுக்க மனசு வருமா? அதற்காகத்தான் போன வாரம் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் விரல் ரேகை வைக்கக் காத்திருந்தேன். மெஷின் என் கட்டை விரலை ஏற்றுக்கொள்ளவில்லை. துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். "அண்ணா, ரெஸ்யூம் ஒண்ணு அடிக்கணும்" என்றாள். கடைக்காரர் தலை நிமிராமல், "என்ன படிச்சிருக்க?" என்றார். பி.காம். உடனே கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பழைய ஃபைலைத் திறந்தார். முன்னால் யாரோ ஒரு பையனுக்கு அடித்தது. பெயரை மாற்றினார், அப்பா பெயரை மாற்றினார், மார்க்கை மாற்றினார். மொத்தம் ஆறு நிமிஷம். ஐம்பது ரூபாய். இருபது காப்பி எடுத்துக்கொண்டாள். மேஜை மேல் கிடந்ததை எட்டிப் பார்த்தேன். (தப்புதான், முப்பத்தைந்து வருஷப் பழக்கம்.) பொழுதுபோக்கு என்ற இடத்தில் கிரிக்கெட், பாட்டுக் கேட்பது என்று இருந்தது. பால் என்ற இடத்தில் 'ஆண்' என்று இருந்தது.

சொன்னேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே திருத்தினார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஏற்கெனவே இதே கடையில் அடித்த தாளோடு இரண்டு வேலைவாய்ப்பு முகாமுக்குப் போய் வந்தவளாம்.

பேச்சுக் கொடுத்தேன். திருக்கழுக்குன்றம் பக்கம் ஊர். அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கிறார். அந்தக் குழுவின் கணக்கு நோட்டை நாலு வருஷமாக இவள்தான் எழுதுகிறாள். பதினாலு பேர், சேமிப்பு, உள்கடன், வட்டி, பேங்க் கடன், தவணை தவறியவர் யார், யார் யாருக்காகக் கட்டினார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு தடவை பேங்க் பாஸ்புக்கில் வட்டி தப்பாக ஏறியிருந்ததைக் கண்டுபிடித்து மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டுத் திருத்தியிருக்கிறாள். எந்த வேலைக்கு அப்ளை பண்ணுகிறாள் என்று கேட்டேன். அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட்!

அந்தத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கிரிக்கெட் இருந்தது.

"இதையெல்லாம் போட இடம் இல்லையே தாத்தா. காலேஜ்ல குடுத்த ஃபார்மட் இப்படித்தான்" என்றாள்.

இந்த வாக்கியத்தை நான் இதற்கு முன்னாலும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்டபோது குற்றவாளி நான். அதனால் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைத் திட்டுவது நியாயம்.

2006 என்று நினைவு. நான் வேலை பார்த்த கம்பெனியில் டூல் ரூமுக்கு எட்டு டிரெய்னி எடுக்க வேண்டியிருந்தது. டிப்ளமா மெக்கானிக்கல். பேப்பரில் விளம்பரம் கொடுத்தோம். அறுநூற்றுக்கு மேல் விண்ணப்பம் வந்தது, சாக்கு மூட்டையில் கட்டி வைத்தோம். நானும் ஒரு கிளார்க்கும் இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தோம். பிரித்தோம் என்றால் படித்தோம் என்று அர்த்தம் இல்லை. 60 சதவீதத்துக்குக் கீழே இருந்ததெல்லாம் இடது பக்கம், மேலே இருந்தது வலது பக்கம். இடது பக்கத்தை நாங்கள் மறுபடி தொடவே இல்லை. வலது பக்கத்திலும் எல்லாத் தாளும் ஒரே தாள்தான். 'டு சீக் எ சேலஞ்சிங் பொசிஷன் இன் எ ரெப்யூட்டட் ஆர்கனைசேஷன்' என்று ஆரம்பிக்கும். பலம் என்ற தலைப்பில் கடின உழைப்பு, நேர்மை, சீக்கிரம் கற்றுக்கொள்ளும் குணம். கடைசியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி. எல்லோருக்கும் பாட்டுக் கேட்பது பிடிக்கும்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் ஃபேக்டரி வாசலில் ஒரு பிள்ளையார் வைக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்குத் தோன்றியது. மகாபலிபுரம் போய் ஆர்டர் கொடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். ஐந்து ரதம் போகிற வழியில் அப்போதெல்லாம் காரை நிறுத்தினாலே உளிச் சத்தம் காதை அடைக்கும். கல் அறுக்கும் மெஷினும் சேர்ந்துகொண்டிருந்த காலம். ஒரு பட்டறையில் பெரியவர் விலை பேசினார். மகன் ஒரு தாளை எடுத்து, பிள்ளையாரின் உயரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, தும்பிக்கை எங்கே வளைய வேண்டும், வயிறு எத்தனை பங்கு, பீடம் எத்தனை பங்கு என்று ஸ்கேலால் கோடு போட ஆரம்பித்தான். முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், இரண்டும். எங்கள் டிராயிங் ஆபீசில் போடுவது போலவே.

நான் பாராட்டிவிட்டு, "தம்பி, என்ன படிச்சிருக்கீங்க?" என்றேன்.

"டிப்ளமா மெக்கானிக்கல் ஸார். உங்க கம்பெனிக்குக்கூட அப்ளிகேஷன் போட்டேன். பதில் வரல."

ஆபீஸ் திரும்பியதும் ஸ்டோர் ரூமில் அந்தச் சாக்கு மூட்டையைத் தேடி எடுத்தேன். இடது பக்கக் கட்டில் இருந்தது. 58 சதவீதம். பொழுதுபோக்கு: புத்தகம் படிப்பது, பாட்டுக் கேட்பது. அனுபவம்: இல்லை.

அனுபவம் இல்லையாம்! பன்னிரண்டு வயதிலிருந்து கல்லில் உட்கார்ந்த பையன். சிற்ப சாஸ்திரத்தில் உத்தம தச தாளம் என்று ஒரு அளவு உண்டு. உருவத்தின் மொத்த உயரத்தை 124 பங்காகப் பிரித்து, நெற்றிக்கு இத்தனை, மூக்குக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை என்று வகுத்துக்கொண்டுதான் உளியைக் கையில் எடுப்பார்கள். கல்லைத் தட்டி ஓசையைக் கேட்டே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லுவார்கள். ஒரு இடத்தில் கூடுதலாகச் செதுக்கிவிட்டால் ஒட்டவைக்க முடியாது, கல் போச்சு. அப்படிப்பட்ட கை. எங்கள் டூல் ரூமில் அந்த வருஷம் என்ன பிரச்சினை தெரியுமா? டை பாலிஷிங் செய்ய கை தேர்ந்த ஆள் கிடைக்காமல் வெளியே கொடுத்துக் காசு கொட்டிக்கொண்டிருந்தோம். டை பாலிஷிங் என்பது வேறொன்றும் இல்லை, இரும்பை நுணுக்கமான கல்லால் கையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்குவது. முப்பது கிலோமீட்டர் தூரத்தில் ஆள் இருந்தான். தாள் எங்கள் ஸ்டோர் ரூமிலேயே இருந்தது.

பிள்ளையாரை வாங்கப் போனபோது கேட்டேன், ஏன் தம்பி இதையெல்லாம் போடவில்லை என்று.

"காலேஜ்ல குடுத்த ஃபார்மட்ல அதுக்கு இடம் இல்ல ஸார். அப்பா தொழிலைப் போட்டா கூலி வேலை செய்யறவன்னு நினைப்பாங்க, போடாதேன்னு சொன்னாங்க."

மாமல்லபுரத்தில் 1957லிருந்து இந்தக் கலைக்கென்றே அரசு நடத்தும் கல்லூரி இருக்கிறது. கணபதி ஸ்தபதி பல வருஷம் முதல்வராக இருந்தது அங்கேதான். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை நிறுத்தியவர் அவர். 2017ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கொடுத்தார்கள். இத்தனை மரியாதையும் கல்லுக்கு. செதுக்குகிறவன் மகன் வேலைக்குப் போகும்போது மட்டும் அது மறைக்க வேண்டிய விஷயம் ஆகிவிடுகிறது.

அந்தப் பையனுக்காக நிர்வாகத்திடம் பேசிப் பார்த்தேன். அதற்குள் ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அப்புறம் வயது வரம்பு தாண்டிவிட்டது. கடைசியாகக் கேள்விப்பட்டபோது வளைகுடாவில் ஏ.சி. ரிப்பேர் வேலையில் இருந்தான். நல்ல சம்பளம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடது பக்கக் கட்டு ஞாபகம் வரும். வேலைக்கு வரும்போதும் போகும்போதும் கும்பிட வேண்டும் வேறு.

இப்போது திட்டுகிறேன்.

'நல்ல ரெஸ்யூம் எழுதினால் வேலை நிச்சயம்' என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் ஜி.எஸ்.டி. ரோட்டிலும் ஓ.எம்.ஆரிலும் காலேஜ் காலேஜாகச் சுற்றுகிறது. ரிடையர் ஆன புதிதில் என்னையும் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்தி உட்கார வைத்துவிட்டு, கோட்டு போட்ட ஒரு இளைஞர் முந்நூறு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார். 'செய்தேன்' என்று எழுதக் கூடாதாம், 'ஸ்பியர்ஹெடட்' என்று எழுத வேண்டுமாம். அதாவது தலைமை தாங்கி முன்னின்று நடத்தினேன் என்று. முந்நூறு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கல்ச்சுரல்ஸில் நாற்காலி எடுத்துப் போட்ட பிள்ளை, தலைமை தாங்கியதாக எழுதும். ஒரு காலேஜில் முந்நூறு பேர் தலைமை தாங்கினால் பின்னால் போனவர்கள் யார் என்று எந்தப் பர்சனல் ஆபீசரும் கேட்கத்தானே செய்வான்? நாற்காலி எடுத்துப் போட்டேன், இரண்டாயிரம் பேர் உட்கார்ந்தார்கள், ஒரு நாற்காலி தொலையவில்லை என்று எழுதிப் பாரேன். நான் அவனைக் கூப்பிட்டுப் பேசியிருப்பேன்.

என் பேச்சு வரும்போது டிபன் நேரமாகிவிட்டது. இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இந்த வகுப்புகளின் தீமை ஆங்கிலம் அல்ல. தன் வாழ்க்கையில் நடந்தது எதற்கும் மதிப்பு இல்லை, வேறு யாரோ எழுதிய வாக்கியத்துக்குத்தான் மதிப்பு என்று பிள்ளைகளை நம்ப வைப்பதுதான் தீமை. அப்பாவோடு படகு இன்ஜினைக் கழற்றி மாட்டிய கொக்கிலமேட்டுப் பையன் அதை எழுத மாட்டான். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டியே பிரெஞ்சு பேசக் கற்றுக்கொண்ட மகாபலிபுரத்துப் பிள்ளை அதை எழுத மாட்டான். 'லாங்வேஜஸ் நோன்: தமிழ், இங்கிலீஷ்' என்று நிறுத்திக்கொள்வான். பிரெஞ்சைப் பரீட்சை எழுதிப் படிக்கவில்லையே!

பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1912 பிப்ரவரியில் மதராஸ் போர்ட் டிரஸ்டுக்கு ஒரு கிளார்க் வேலை கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. எழுதியவர் கும்பகோணம் காலேஜிலும் பச்சையப்பனிலும் படித்து எஃப்.ஏ. தேறாதவர். அதை அவர் மறைக்கவில்லை. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்துச் சூழ்நிலையால் மேலே தொடர முடியாமல் போனதையும், நேரத்தையெல்லாம் கணிதத்திலேயே செலவிட்டு அதை வளர்த்துக்கொண்டிருப்பதையும் சின்னக் கடிதமாக எழுதியிருந்தார். கூடவே பிரசிடென்சி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரை. மார்ச் 1ஆம் தேதி வேலை கிடைத்தது, மாதம் 30 ரூபாய். அவர்தான் ராமானுஜன். அதற்கும் முன்னால் அவர் வேலை கேட்டுத் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரைப் பார்க்கப் போனபோது கொண்டு போனது அந்தப் பிரசித்தி பெற்ற நோட்டுப் புத்தகத்தைத்தான். செய்த வேலையையே தூக்கிக்கொண்டு போனார்.

"எல்லாரும் ராமானுஜனா மாமா?" என்று கேட்டாள் என் மச்சினர் மகள். சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹெச்.ஆர். ஆக இருக்கிறாள். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன்னால் அவளிடம் பேசினேன். நியாயமான கேள்வி. ராமானுஜனுக்கும்கூட பின்னால் இருந்து கை தூக்கிவிட மனிதர்கள் இருந்தார்கள், வெறும் கடிதம் வேலை வாங்கித் தரவில்லை. நான் சொல்ல வருவது மேதையைப் பற்றி அல்ல. அந்த மனிதர்கள் நோட்டைத் திறந்து பார்த்தார்கள். நாம் பார்ப்பதில்லை.

அவள் விடவில்லை. "ஒரு போஸ்டிங் போட்டா ஒரே ராத்திரியில ஆயிரம் வருது மாமா. நான் படிக்கறதே இல்ல. சாஃப்ட்வேர்தான் படிக்குது. அதுல கேட்ட வார்த்தை இருந்தா மேல வரும், இல்லன்னா கீழ போகும். நீங்க சொல்ற மாதிரி கதை எழுதினா அது யார் கண்ணுலயும் படாது. அப்புறம், நீங்க மட்டும் என்ன பண்ணீங்க? 60 பர்சென்ட்னு ஒரு கோடு போட்டீங்க. நாங்க அதையே மெஷின்ல போடறோம்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் சொல்வது சரி. ஆகவே அவள் மாதிரி கம்பெனிகளுக்கு அப்ளை செய்கிறவர்கள் விளம்பரத்தில் கேட்ட வார்த்தைகளை, உண்மையாகத் தெரிந்தால், அப்படியே எழுதுங்கள். டேலி தெரியும் என்றால் டேலி என்று எழுத வேண்டும், 'கணினி அறிவு உண்டு' என்று எழுதினால் மெஷினுக்குப் புரியாது. ஆனால் அதற்குக் கீழே இரண்டு வரி, எங்கே, என்ன கணக்கு, எத்தனை நாள் என்று எழுத எந்த மெஷினும் தடை சொல்லவில்லை. மெஷினைத் தாண்டிய பிறகு ஒரு மனுஷன் பார்ப்பான் இல்லையா, அவனுக்காக. அப்பா தொழில், மதம், சாதி, கல்யாணம் ஆயிற்றா, ரேஷன் கார்டு நம்பர், இதெல்லாம் வேண்டாம். உறுதிமொழியும் வேண்டாம். அது அரசாங்க ஃபாரத்திலிருந்து ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். பொய் சொல்பவனும் அதே உறுதிமொழியைத்தான் போடுகிறான்.

ரெஸ்யூம் விஷயம் இவ்வளவுதான். ஆனால் என் உண்மையான கோபம் இன்னும் வரவில்லை.

எங்கள் தெருவில் ஒருவர். இருபத்தோரு வருஷம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் இருந்தார். மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது, 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய மரம் சாய்ந்தால் நிழலில் இருந்த செடிகள் என்ன ஆகும்? இவர் கம்பெனியிலும் ஷிஃப்டைக் குறைத்தார்கள், பிறகு ஆளைக் குறைத்தார்கள். நாற்பத்தைந்து வயதில் வாழ்க்கையில் முதல் தடவையாக ரெஸ்யூம் எழுத வேண்டிய நிலை. என்னிடம்தான் வந்தார். "ஸார், அனுபவம் 21 வருஷம்னு போடறதா, அஞ்சு வருஷம்னு போடறதா?" என்றார். ஏன் என்று கேட்டேன். "21ன்னு போட்டா வயசு தெரிஞ்சிடும் ஸார். சம்பளம் ஜாஸ்தி கேப்பான்னு கூப்பிட மாட்டாங்க."

இதற்கு எந்தப் பயிற்சியாளரிடம் பதில் இருக்கிறது? இருபத்தோரு வருஷ வேலையைப் பதினாறு வருஷம் குறைத்து எழுத வேண்டும் என்று ஒரு தொழிலாளி நினைக்கும்படி செய்துவிட்டு, 'உங்கள் ரெஸ்யூமை மெருகேற்றுங்கள்' என்று உபதேசம் செய்வது அநியாயம் இல்லையா? கேட் வாசலில் கான்ட்ராக்டர் வைத்திருக்கும் ஆட்களை எடுக்க ரெஸ்யூமே தேவையில்லை. ஆதார் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக், இரண்டு போட்டோ. அங்கேதான் பெரும்பாலான வேலைகள் இருக்கின்றன. பிள்ளைகள் தாளில் 'நீண்டகால வளர்ச்சி' என்று எழுதுகிறார்கள், கிடைப்பது பதினோரு மாதம்.

வேலை கேட்பவன் தன் பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்து அப்பா பெயர் வரை சொல்ல வேண்டும். வேலை கொடுப்பவன் என்ன சொல்கிறான்? விளம்பரத்தைப் பாருங்கள். 'முன்னணி நிறுவனத்துக்கு ஆட்கள் தேவை.' எந்த நிறுவனம்? 'கவர்ச்சிகரமான சம்பளம்.' எவ்வளவு? நிரந்தரமா, கான்ட்ராக்டா, டிரெய்னியா? டிரெய்னி என்றால் முடிந்த பிறகு வைத்துக்கொள்வார்களா? ராத்திரி ஷிஃப்ட் உண்டா, பஸ் உண்டா? ஒன்றும் கிடையாது. கீழே ஒரு செல் நம்பர். நாம் எழுதுவதில் பொய் இருக்கக் கூடாது என்கிறார்கள். அவர்கள் எழுதுவதில் உண்மையே இல்லை, பொய் எப்படி இருக்கும்?

இது ஏதோ கிழவனின் ஆசை என்று நினைக்காதீர்கள். இந்த நாட்டில் இதற்குச் சட்டமே போட்டார்கள். 1959ல் காலியிடங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்கும் சட்டம் வந்தது. தனியாரில் 25 பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் நிறுவனம் காலியிடத்தை எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது, அதுவும் இன்டர்வியூவுக்குப் பதினைந்து நாள் முன்னால். அந்தப் படிவத்தில் என்ன கேட்டிருந்தார்கள் தெரியுமா? என்ன வேலை, எத்தனை இடம், நிரந்தரமா தற்காலிகமா, சம்பளமும் படியும் எவ்வளவு, எந்த ஊரில் வேலை. கம்பெனியின் பயோடேட்டா! மூன்று மாதத்துக்கு ஒரு முறை இ.ஆர்.1 என்று ஒரு ரிட்டர்ன் வேறு. அதை நான் என் கையால் வருஷக்கணக்கில் நிரப்பியிருக்கிறேன்.

ஓட்டை எங்கே என்றால், தெரிவித்தால் போதும், எக்ஸ்சேஞ்ச் அனுப்பிய ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்று அதே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலை என்றால் தெரிவிக்கவே வேண்டியதில்லை என்று இருந்தது. தெரிவிக்காமல் விட்டால் முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 500 ரூபாயாகத்தான் இருந்தது.  1996ல் சுப்ரீம் கோர்ட், அரசு வேலைக்கு எக்ஸ்சேஞ்ச் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்து எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. அதில் நியாயம் இருந்தது. ஆனால் அதோடு அந்தக் கார்டுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போயிற்று.

நானும் 1975ல் கார்டு போட்டவன்தான். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், மறந்தால் சீனியாரிட்டி போய்விடும் என்று என் அப்பா காலண்டரில் வட்டம் போட்டு வைப்பார். அந்தக் கார்டில் 'குறிக்கோள்' என்ற தலைப்பு இல்லை, பொழுதுபோக்கு இல்லை. படிப்பு, தேதி, நம்பர். அதன் மூலம் எனக்கு வேலை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பழைய காலத்தைப் புகழ்கிறேன் என்பீர்கள். சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் மூலம் கிடைத்தது. அதுவும் ஒரு அநியாயம்தான், சித்தப்பா இல்லாதவன் என்ன செய்வான்?

இப்போது நடக்கும் வேலைவாய்ப்பு முகாம்களில் இதை ஆரம்பிக்கலாம். 2019ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது, கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது, முகாமும் நடக்கிறது. ஸ்டால் போடும் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தாள் ஒட்டட்டும். சம்பளம், பிடித்தம் போகக் கையில் வருவது, எத்தனை மாதம், நிரந்தரம் உண்டா இல்லையா, போன வருஷம் எடுத்தவர்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள். ஐந்தே வரி. ஒட்டாத கம்பெனிக்கு மேஜை கிடையாது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், முகாம் நடத்தும் அதிகாரி மனசு வைத்தால் போதும். என்னோடு வேலை பார்த்து இன்னும் சர்வீசில் இருக்கும் தம்பிகள் சிலர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். 'ஸார் ரிடையர் ஆன பிறகு புரட்சி பேசுகிறார்' என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்தத் தாளை ஒட்டிவிட்டுச் சிரியுங்கள்.

அந்தப் பெண் விஷயத்தைச் சொல்லாமல் விட்டேனே. கடையிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் திருத்தினோம். "சுயஉதவிக் குழுவை இங்கிலீஷ்ல எப்படிப் போடறது, உள்கடனுக்கு என்ன வார்த்தை?" என்று அவள் கேட்க, எனக்குப் பாதி தெரியவில்லை, கடைக்காரர் போனில் பார்த்துச் சொன்னார். பதினாலு பேர் கணக்கு, நாலு வருஷம், வட்டித் தவறைக் கண்டுபிடித்தது என்று மூன்று வரி. கிரிக்கெட் போயிற்று. திருத்தியதற்குக் கடைக்காரர் இருபது ரூபாய் கூடுதலாகக் கேட்டார், நியாயம்தான். என் கட்டை விரலையும் மெஷின் ஒருவழியாக ஏற்றுக்கொண்டது.

நேற்று ராத்திரி போன் வந்தது. மகேந்திரா வேர்ல்டு சிட்டி பக்கம் ஒரு இடத்தில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "சம்பளம் எவ்வளவுன்னு நானே கேக்கலாமா தாத்தா, இல்ல அவங்களா சொல்ற வரைக்கும் சும்மா இருக்கணுமா?" என்றாள்.

கேள் என்றேன். நிரந்தரமா என்றும் கேள் என்றேன்.

போனை வைத்ததும் என் மனைவி, "நீங்க பேசாம இருங்க. அந்தப் பொண்ணுக்குக் கிடைக்கப்போற வேலையையும் கெடுத்துடாதீங்க" என்றாள்.

வியாழக்கிழமை இன்டர்வியூ.